பந்தயத் திடல் என்றால் முகம் சுளிப்பதா?



நம்மவரிடையே விந்தையான வழக்கம் ஒன்று வளர்ந்து வருகிறது. ஆண்டிறுதி விடுமுறையில் ஐரோப்பியச் சுற்றுலா சென்று திரும்புவோர், ரோமாபுரியின் பழைய தேரோட்டப் பந்தயத் திடலில் நின்று எடுத்த படங்களை முகநூலிலும் புலனத்திலும் பகிர்கிறார்கள். 'ஈராயிரம் ஆண்டு வரலாற்றைக் கண்டு வந்தோம்' என்று பெருமை கொள்கிறார்கள். நாமும் மகிழ்ந்து பாராட்டுகிறோம். அதே அன்பர்களிடம், 'நம் பினாங்கில் பத்து காந்தோங் குதிரைப் பந்தயத் திடலை மாணவர்களுக்குக் காட்டுவோமா?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே முகம் சுளிப்பார்கள். 'சூதாட்டம் நடந்த இடத்திற்குப் பள்ளிப் பிள்ளைகளையா அழைத்துப் போவது?' என்பார்கள்.

அண்மையில் கல்விச் சுற்றுலா பற்றிய கலந்துரையாடல் ஒன்றில் இக்கருத்தை முன்வைத்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் உண்மையாகவே மனம் வருந்தினார்கள். 'டீச்சர், வேறு நல்ல இடமே உங்களுக்குக் கிடைக்கவில்லையா?' என்று ஒரு தாயார் கேட்டார். இறுதியில், வழக்கம்போல் நீர் விளையாட்டுப் பூங்காவே தேர்வு பெற்றது.

அன்று எழுந்த மறுப்புகள் நான்கு. நான்குமே நாடெங்கும் நம் பள்ளிகளில் வேறு வேறு வடிவில் எழுபவை. ஆகவே அவற்றிற்கு இங்கே மறுமொழி எழுதுகிறேன். உடன்படாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதலாம்.

முதலில் ரோமாபுரி

ரோமாபுரியின் பலத்தைன், அவந்தைன் என்னும் இரு குன்றுகளுக்கு இடையே நீண்ட பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதுவே 'சர்க்கஸ் மாக்சிமஸ்' எனப்படும் பெருந்திடல். நீளம் ஏறக்குறைய 621 மீட்டர். அகலம் 118 மீட்டர். ஒரே நேரத்தில் 150,000 பேர் அமர்ந்து பார்த்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அதற்கும் மேல் என்போரும் உளர். நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் 90,000 பேருக்கும் குறைவாகவே அமர முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

தேர் என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் தோன்றுவது தைப்பூசத்தையொட்டித் தண்ணீர்மலைக்குச் செல்லும் இரதம். அஃது அசைந்து அசைந்து வருவது. ரோமரின் பந்தயத் தேரோ இரண்டே சக்கரம் கொண்டது, எடை குறைந்தது, பெரும்பாலும் நான்கு குதிரைகள் பூட்டியது. தேரோட்டி கடிவாள வார்களைத் தன் இடுப்பில் சுற்றிக்கொள்வான். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் அவனை இழுத்துச் செல்லும். ஆகவே வாரை அறுப்பதற்கு இடையில் கத்தி வைத்திருப்பான். திடலின் நடுவே நீண்ட தடுப்பு மேடை. அதைச் சுற்றி ஏழு முறை ஓட வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என நான்கு அணிகள். மக்கள் தத்தம் அணி மீது பணம் கட்டினார்கள். எதிரணித் தேரோட்டி கவிழ வேண்டுமென்று ஈயத் தகட்டில் சாபம் எழுதிப் புதைத்தவர்களும் உண்டு. ரோமப் பேரரசின் பல ஊர்களில் அத்தகைய தகடுகள் கிடைத்துள்ளன.

திடலைச் சுற்றிக் கடைகளும் உணவு விற்போரும் நிறைந்திருந்தனர். கி.பி. 64இல் ரோமாபுரியை எரித்த பெருந்தீ இத்திடலை ஒட்டிய கடைகளில்தான் தொடங்கியது. கடைசித் தேரோட்டம் கி.பி. 549இல் நடந்தது.

இன்று அங்குச் செல்பவர் எதைக் காண்கிறார்? புல்வெளி. ஒரு முனையில் அகழ்ந்தெடுத்த சில சுவர்கள், இடைக்காலத்துக் கோபுரம் ஒன்று, மேலே பலத்தைன் குன்றில் அரண்மனை இடிபாடுகள். நடுமேடையில் நின்ற எகிப்தியக் கல்தூண்கள் இரண்டையும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் வேறு இடங்களுக்குப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பந்தயம் நடந்த மண்ணோ பல மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அவ்வளவுதான்! அந்தப் புல்வெளியைக் காணத்தான் நம்மவர் பல்லாயிரம் ரிங்கிட் செலவழித்துப் போகிறார்கள். போகட்டும், அது நல்ல செலவே. ஆனால் அங்கு விரியும் கண், இங்கு ஏன் மூடிக்கொள்கிறது என்பதே என் கேள்வி.

மறுப்பு ஒன்று: 'அது சூதாட்டக் களம்'

ஆம், சூதாட்டக் களம்தான். மறைக்கவில்லை. ரோமாபுரித் திடலும் அதுவே. அங்கே சூதோடு உயிர்ப்பலியும் இருந்தது. தேரோட்டிகளில் பெரும்பாலோர் அடிமைகள் அல்லது அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் கி.பி. 532இல் நீல அணியினரும் பச்சை அணியினரும் சேர்ந்து மூட்டிய கலகம் பந்தயத் திடலில் ஏறக்குறைய 30,000 பேரின் சாவில் முடிந்தது. இத்தனை இருந்தும் 'அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகாதே' என்று எவரும் சொல்வதில்லை. ஈராயிரம் ஆண்டு பழமையான சூது 'வரலாறு' ஆகிவிடுகிறது; நம் பாட்டன் காலத்துச் சூது மட்டும் 'அசிங்கம்' ஆகிவிடுகிறது. இஃது என்ன நேர்மை?

திருவள்ளுவர் சூது என்னும் பெயரிலேயே ஓர் அதிகாரம் வகுத்தார். அது 94ஆவது அதிகாரம். பத்துக் குறள்கள். சூதைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று அவர் அஞ்சவில்லை. பாண்டவர் நாடிழந்த கதையை நாமே வகுப்பில் சொல்கிறோம். கதையில் சூது வரலாம், குறளில் வரலாம், தேர்வுத்தாளில்கூட வரலாம். ஆனால் நம் ஊரில் சூது நடந்த இடத்தின் முன் நின்று, 'இதனால் எத்தனைக் குடும்பங்கள் சீரழிந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்' என்று கேட்கக் கூடாதாம்!

பெற்றோர்களே, சற்று மனம் திறந்து பேசுவோம். நம் பிள்ளைகள் சூதை அறியாதவர்களா? நான்கு எண் விற்கும் கடை இல்லாத பட்டணம் இத்தீவில் உண்டா? கண்ட கனவுக்கு எண் பார்ப்பதையும், விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வதையும் நம் வீட்டுக் கூடத்திலேயே அவர்கள் பார்த்து வளர்கிறார்கள். கைப்பேசியில் இணையச் சூதாட்ட விளம்பரம் கேளாமலேயே வந்து நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் பள்ளி மட்டும் வாய்மூடி இருந்தால் அது பாதுகாப்பு ஆகாது, கைகழுவுதல் ஆகும். பந்தயத் திடலின் முன் நிற்கும் ஆசிரியர் சூதின் கணக்கை விளக்கலாம். கட்டிய பணத்தில் நடத்துபவரின் பங்கு முதலில் கழிகிறது என்பதையும், மீதமே வென்றவர்களுக்குப் பிரிகிறது என்பதையும், ஆகவே கட்டுவோர் அனைவரையும் கூட்டிப் பார்த்தால் இழப்பே மிஞ்சும் என்பதையும் ஆறாம் ஆண்டு மாணவன் விழுக்காட்டுக் கணக்காகவே செய்து பார்க்க முடியும். அறிவுரையைவிட அக்கணக்கு நெஞ்சில் நிற்கும்.

மறுப்பு இரண்டு: 'அங்கே பார்க்க என்ன இருக்கிறது?'

பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் 1864இல் தோன்றியது. மலேசியாவின் மிகப் பழைய பந்தயக் கழகம் அதுவே. தொடக்கத்தில் மெக்காலிஸ்டர் சாலையில் இருந்த திடல், 1930களில் பத்து காந்தோங்கிற்கு இடம் மாறியது. 2024இல் கழகத்தைக் கலைக்க உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 2025 மே 31ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அன்று மாலையோடு நின்றது.

அஃது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. மக்காவில் 2024 மார்ச்சு 30ஆம் நாளும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் நாளும் கடைசிப் பந்தயம் ஓடியது. சென்னை கிண்டியில் 160 ஏக்கர் பந்தயத் திடலின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்துச் செய்தது. குடியேற்றக் காலத்தின் ஓர் அடையாளம் நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. வரலாற்று நூல்கள் நாளை எழுதப்போகும் பக்கத்தை இன்று நேரில் காணும் வாய்ப்பு நம் மாணவர்களுக்கு வாய்த்திருக்கிறது. நாமோ 'என்ன இருக்கிறது?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெற்று நிலம் பேசாது என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்.

சிங்கப்பூரின் குட்டி இந்தியாவில் 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்றொரு தெரு இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டிற்காக நம்மவர் தேடிச் செல்லும் தெரு. அப்பெயர் எப்படி வந்தது? பக்கத்திலிருந்த பாரர் பார்க் திடலில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. அதே திடலில்தான் 1942 பிப்ரவரி 17ஆம் நாள், பிரித்தானியர் தோற்றுச் சரணடைந்தபின், பல்லாயிரக்கணக்கான இந்தியப் போர்வீரர்களை ஒன்றுதிரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்தியத் தேசிய இராணுவத்தின் கதை அத்திடலில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு நேதாஜி வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் அப்படையில் திரளாகச் சேர்ந்தார்கள். பந்தயத் திடல் வெறும் பந்தயத்தின் வரலாறுதானா?

இன்னொன்று கோலாலம்பூரில். நம் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் முன் நிறுத்திப் படம் பிடிக்கின்றன. அக்கோபுரம் நிற்கும் நிலம் எது? சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் பழைய பந்தயத் திடல்! ஆக, நம் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பந்தயத் திடலுக்குத்தான் அழைத்துச் சென்றுகொண்டிருக்கிறோம். அதை அவர்களுக்குச் சொல்லாமல் அழைத்துச் செல்கிறோம் என்பதே வேறுபாடு. கோபுரத்தின் உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்டால் மாணவன் உடனே விடை சொல்வான். கோபுரத்திற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள், ஆசிரியரே விழிப்பார்.

மறுப்பு மூன்று: 'அது வெள்ளைக்காரன் வரலாறு, நமக்கென்ன?'

இம்மறுப்புதான் என்னை மிகவும் வருத்தியது. ஏனெனில் இதைச் சொன்னவர்கள் ஆசிரியர்கள்.

மேடையில் அமர்ந்து பந்தயம் பார்த்தவன் வெள்ளைக்காரன். அவனருகே பெருவணிகர்களும் அமர்ந்திருந்தார்கள். குதிரையைக் குளிப்பாட்டியது யார்? லாயத்தைக் கூட்டியது யார்? புல் வெட்டியது யார்? மலாயாவில் குதிரைக்காரராகவும் வண்டியோட்டியாகவும் பிழைத்தவர்களில் தமிழரும் பலர். அந்நாளில் அவர்களைச் 'சைஸ்' என்று அழைத்தார்கள். பினாங்குத் தெருக்களில் மாட்டு வண்டி ஓட்டியவர்களும், சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களும் நம் முன்னோர்களே. என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், தன் தாத்தா குதிரை லாயத்தில் வேலை செய்தவர் என்று ஒருமுறை மெல்லிய குரலில் சொன்னான். தாத்தா என்ன வேலை செய்தார் என்று மற்ற பிள்ளைகள் கேட்டபோது அவனுக்கு விடை தெரியவில்லை. வீட்டிலும் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

ரோமாபுரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தியோக்கிளிஸ் என்றொரு தேரோட்டி இருந்தான். அவன் 4,257 ஓட்டங்களில் ஓடினான். 1,462 முறை வென்றான். 1,800 ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வெண்கள் நமக்குத் தெரிவது எப்படி? அவன் புகழைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். கீழ்நிலையிலிருந்து வந்த தேரோட்டிக்கும் கல்வெட்டு கிடைத்தது. நம் குதிரைக்காரத் தாத்தாவுக்கு என்ன கிடைத்தது? பேரப்பிள்ளையின் பள்ளிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தானே? 'அது வெள்ளைக்காரன் வரலாறு' என்று நாம் சொல்லும்போது, உழைத்தவனின் பெயரை இரண்டாம் முறை அழிக்கிறோம். முதல் முறை முதலாளி அழித்தான். இப்போது ஆசிரியர் அழிக்கிறார்.

மறுப்பு நான்கு: 'நேரமில்லை, செலவாகும்'

முன்பெல்லாம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று நம்மிடம் இருப்பது வகுப்பறை மதிப்பீடு. நான்காம் ஆண்டு முதல் வரலாறு தனிப் பாடமாக 2014இல் அறிமுகமாயிற்று. ஆசிரியர் பயிற்சியில் கள ஆய்வு, நேர்காணல், வரைபடம் வரைதல் என்றெல்லாம் நாம் கற்றோமே, அவற்றிற்கு வழிவிடும் ஏற்பாடு இதுவே. பூட்டு திறந்துவிட்டது, நாம்தான் அறையை விட்டு வெளியே வர மறுக்கிறோம்.

செலவு? எங்கள் பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழி மலையேறி இறங்கி, பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம் கடந்தால் ஒரு மணி நேரத்திற்குள் பத்து காந்தோங் சேரலாம். காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பலாம். நீர் விளையாட்டுப் பூங்காவின் நுழைவுச்சீட்டு வாங்க இயலாமல் 'எனக்கு அன்று காய்ச்சல்' என்று சொல்லி வீட்டிலிருந்துவிடும் பிள்ளையை எல்லா ஆசிரியர்களும் அறிவோம். அந்தப் பிள்ளையும் வரக்கூடிய சுற்றுலா இது.

சரி, என்ன செய்யலாம்?

குறை கூறுவதோடு நிறுத்த விரும்பவில்லை. ஐந்து செயல்களை முன்மொழிகிறேன்.

1. பயணத்திற்கு முன் வகுப்பில் இரண்டு திடல்களின் வரைபடத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். பள்ளித் திடலில் மாணவர்களை நடக்கவைத்து, 621 மீட்டர் என்றால் எத்தனைச் சுற்று என்று அளக்கச் செய்யுங்கள்.

2. முறைப்படி அனுமதிக் கடிதம் எழுதுங்கள். அதையும் மாணவர்களையே எழுதவையுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே சாலையோரம் நின்று பேசுங்கள். கொடிமலைக்குச் செல்லும் நாளில், மேலிருந்து அப்பசும்வெளியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

3. லாயத்திலோ திடலிலோ பணிபுரிந்த முதியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் பள்ளிக்கு அழைத்து மாலையிட்டு மதியுங்கள். மாணவர்கள் கேள்வி கேட்கட்டும், பதிவு செய்யட்டும். அவர்கள் பயன்படுத்திய தொழிற்சொற்களையும் எழுதிக்கொள்ளட்டும். அச்சொற்கள் எந்த அகராதியிலும் இல்லாதவையாக இருக்கலாம்.

4. சூது அதிகாரத்தை அந்த வாரமே நடத்துங்கள். விழுக்காட்டுக் கணக்கும் அதனோடு சேரட்டும்.

5. 'இந்நிலம் இனி என்ன ஆக வேண்டும்?' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். ரோமாபுரியில் பழைய திடல் பொதுவெளியாக நிற்கிறது. மக்கள் நடக்கிறார்கள், சிறுவர் ஓடி ஆடுகிறார்கள். கோலாலம்பூரில் அதே வகை நிலம் கோபுரமாயிற்று. பினாங்கில் என்ன ஆக வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் உரிமை பன்னிரண்டு வயதுக் குடிமகனுக்கும் உண்டு.

காலம் காத்திருக்காது

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை நினைவில் கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய அப்பகுதியில், 11ஆம் எண் சண்டி எனப்பட்ட பழங்கோயிலின் எச்சத்தை மேம்பாட்டுப் பணிக்காக இடித்துவிட்ட செய்தி 2013இல் வெளிவந்து நம்மை உலுக்கியது. எல்லாரும் கொதித்தோம், அறிக்கை விட்டோம். ஆனால் இடிப்பதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்திருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எத்தனை பேர்? பார்க்காததை எப்படிக் காப்பது? அறியாததற்காக எப்படி அழுவது?

பழங்கோயிலும் பந்தயத் திடலும் ஒன்றல்ல என்பதை நானறிவேன். கோயில் எச்சம் நம் பெருமை. பந்தயத் திடலோ பெருமையும் சிறுமையும் கலந்தது. ஆள்வோரின் கேளிக்கை, ஏழையின் ஆசை, உழைத்தவனின் வியர்வை மூன்றும் ஒரே மண்ணில் கிடப்பது. அதனால்தான் அதைக் காட்ட வேண்டும் என்கிறேன். பெருமையை மட்டும் காட்டி வளர்க்கப்படும் பிள்ளை, மேடையில் கைதட்டக் கற்றுக்கொள்ளும்; சிந்திக்கக் கற்றுக்கொள்ளாது.

ஆசிரியர்களே, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அரை நாளை ஒதுக்குங்கள். பெற்றோர்களே, அனுமதிப் படிவத்தில் கையொப்பமிடும் முன் 'அங்கே சூதாட்டம் நடந்ததே' என்று தயங்காதீர்கள். 'அங்கே என் தாத்தாவைப் போன்றோர் உழைத்தார்களே' என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். லாயத்தில் உழைத்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குரிய ஆண்டுகள் அதிகம் இல்லை.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

அன்புடன்,
பாலிக் புலாவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்